பழைய டிஸ்க்கில் தங்கிவிட்ட விண்டோஸை நீக்குதல்: டிஸ்க் மேனேஜ்மென்ட், டிஸ்க்பார்ட், ஜிபார்ட்டட் குறித்து ஒரு மதிப்புரை

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதையொட்டி, புதிதாக ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11ஐ நிறுவிக்கொண்டு, பழைய ஹார்டு டிஸ்க்கை அதே கணினியில் இரண்டாவது டிஸ்க்காக விட்டுவைத்தவர்கள் பலர். கணினி வேகமாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய டிஸ்க்கில் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்; பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்; சில கணினிகளில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எந்த விண்டோஸுக்குள் போக வேண்டும் என்று நீல நிறத் திரை ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பழைய விண்டோஸை நீக்குவதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸுடனே வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட், டிஸ்க்பார்ட் ஆகிய இரண்டும், இலவசமாகக் கிடைக்கும் ஜிபார்ட்டட் லைவும் இந்த வேலைக்குப் போதுமானவை. எனினும், கணினி உண்மையில் எந்த டிஸ்க்கிலிருந்து துவங்குகிறது என்ற கேள்விக்கு இம்மூன்றில் எதுவுமே முதல் திரையில், எவருக்கும் புரியும்படி விடை சொல்வதில்லை. இவற்றின் மற்ற நிறைகுறைகளை எல்லாம்விட இந்த ஒரு குறையே பெரியது என்பது என் மதிப்பீடு.

ஏன் அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய யுஇஎஃப்ஐ (கணினியைத் துவக்கும் புதிய முறை) வகைக் கணினிகளில் விண்டோஸ் இருக்கும் சி டிரைவிலிருந்து கணினி நேரடியாகத் துவங்குவதில்லை. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதி ஒன்று தனியாக இருக்கும். விண்டோஸ் நிறுவலில் அது பெரும்பாலும் 100 எம்பி அளவில், எஃப்ஏடி32 வடிவத்தில் அமைக்கப்படும். கணினியை இயக்கியதும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் துவக்க மென்பொருளான ஃபர்ம்வேர் தேடிச் செல்வது இந்தச் சிறிய பகுதியைத்தான்; அதில் இருக்கும் பூட் மேனேஜர்தான் விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பார்த்து அதை எழுப்புகிறது. பழைய டிஸ்க்கும் பொருத்தப்பட்டிருக்கும்போதே புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவினால், நிறுவும் மென்பொருள் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பகுதியையே பயன்படுத்திக்கொண்டு, புதிய டிஸ்க்கில் அப்படியொரு பகுதியை உருவாக்காமலே விட்டுவிடக்கூடும். நிறுவல் வெற்றிகரமாக முடியும்; எந்த எச்சரிக்கையும் வராது. விண்டோஸ் 11 புதிய டிஸ்க்கில் இருக்கும். அதை எழுப்புவதற்கான கோப்புகளோ பழைய டிஸ்க்கில் இருக்கும். இந்த நிலையில் பழைய டிஸ்க்கைக் கழற்றினாலோ, அதை விண்டோஸுக்கு வெளியிலிருந்து முழுவதும் அழித்தாலோ, அடுத்த முறை கணினி துவங்காது.

விண்டோஸை நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்று அனுபவமுள்ள சர்வீஸ்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. புதிதாக நிறுவப்போகிறவர்கள் இந்த ஒரு வழக்கத்தைப் பின்பற்றினால் இந்த மதிப்புரையின் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது.

எங்கள் பகுதியில் உள்ள ஜெராக்ஸ் கடை ஒன்றின் கணினியில் இந்த நிலையை மிகத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 10, புதிய 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தவுடன் கீழ்ப்பகுதியில் இரண்டு நீண்ட பட்டைகள் தெரிந்தன. டிஸ்க் 0 என்ற பட்டை 931.51 ஜிபி, அதன் இடது ஓரத்தில் 100 எம்பி அளவில் இஎஃப்ஐ பகுதி, அதையடுத்துப் பழைய விண்டோஸ் இருந்த டி டிரைவ், அதற்கும் வலப்புறம் வாடிக்கையாளர்களின் கோப்புகள் நிறைந்த இ டிரைவ். டிஸ்க் 1 என்ற பட்டை 465.76 ஜிபி, அதில் சி டிரைவும் மீட்புப் பகுதியும் (விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் உள்ள ரெக்கவரி பார்ட்டிஷன்) மட்டுமே இருந்தன, இஎஃப்ஐ பகுதி எங்கும் இல்லை. கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: பழைய விண்டோஸ் போக வேண்டும், இ டிரைவில் உள்ள ஒரு கோப்பும் போகக் கூடாது. பழைய டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் புதிய டிஸ்க்கில் பூட் கோப்புகளை அமைத்தாக வேண்டும் என்பது அந்த ஒரே திரையிலிருந்து விளங்கிவிட்டது. ஆனால் அது இஎஃப்ஐ பகுதியைப் பற்றி ஏற்கெனவே அறிந்த கண்ணுக்குத்தான் விளங்கும். அறியாதவருக்கு அந்தத் திரை இரண்டு பட்டைகளைக் காட்டுகிறது, அவ்வளவே.

இனி டிஸ்க் மேனேஜ்மென்ட்டை மதிப்பிடுகிறேன். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து ஏறக்குறைய அதே முகத்தோடு இருந்துவரும் கருவி இது. ஸ்டார்ட் பொத்தானின் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே கிடைக்கும். இதன் சிறப்பு, படமாகக் காட்டுவது. எந்த டிஸ்க்கில் எந்தப் பகுதி எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். ஒரு பகுதியை நீக்கச் சொன்னால், அதில் உள்ள தரவு அழிந்துவிடும் என்று சொல்லி ஒப்புதல் கேட்கிறது. இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் பகுதியை நீக்க அது இடம் கொடுப்பதே இல்லை. பழைய விண்டோஸ் இருந்த டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்துகொண்டு அந்த இடத்தைப் பயன்படுத்தினால் போதும் என்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான கருவி தேவையில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, டிஸ்க்கின் மாடல் பெயர் பட்டையில் தெரிவதில்லை. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டிஸ்க்குகள் இருந்தால் எது புதியது, எது பழையது என்று அறிய ஒவ்வொன்றின் பண்புகளையும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்க் 0 என்றால் முதன்மை டிஸ்க் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. அந்த எண் ஒருமுறை இயக்கியதற்கும் மறுமுறை இயக்கியதற்கும் இடையே மாறவும் கூடும். விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில், ஸ்டோரேஜ் பகுதிக்குள் இருக்கும் டிஸ்க்குகள் பக்கத்தில் மாடல் பெயர் முன்னாலேயே தெரிகிறது. ஆகவே அங்கே பெயரைப் பார்த்துக்கொண்டு இங்கே வருவது நல்லது. இரண்டாவது, பழைய டிஸ்க்கில் உள்ள இஎஃப்ஐ பகுதியையும் மீட்புப் பகுதியையும் இந்தக் கருவியால் நீக்க முடியாது. ரைட் கிளிக் செய்தால் நீக்குவதற்கான வாய்ப்பே வராது. அந்த 100 எம்பியை விட்டுவைப்பதால் கணினிக்குக் கேடு எதுவும் இல்லை என்றாலும், டிஸ்க் முழுவதையும் ஒரே பகுதியாக ஆக்க விரும்புபவருக்கு இது தடை. மூன்றாவது, ஒரு பகுதியை அதன் வலப்புறம் ஒட்டியிருக்கும் காலியிடத்துக்குள் மட்டுமே இதனால் நீட்ட முடியும். கடைக்காரரின் கணினியில் காலியாகப்போகும் இடம் இ டிரைவுக்கு இடப்புறம் இருந்தது. எனவே இரண்டையும் இணைக்க இந்தக் கருவி உதவாது.

குளோனிங் முறையில் பழைய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு நகலெடுத்தவர்களுக்கு இன்னொரு காட்சி காத்திருக்கும். இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஒரே அடையாள எண் அமைந்துவிட்டால், விண்டோஸ் அவற்றில் ஒன்றை ஆஃப்லைன் நிலைக்குத் தள்ளி, அடையாளம் மோதுகிறது என்ற குறிப்பைக் காட்டும். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் குளோன் செய்த கணினிதான் குழப்பத்துக்கு அதிக இடம் தருவது. இரு டிஸ்க்குகளிலும் ஒரே விண்டோஸ், ஒரே திரைப் பின்னணி, ஒரே கோப்புகள் இருப்பதால், புதிய எஸ்எஸ்டியில் இயங்குகிறோம் என்று நம்பிக்கொண்டு பழைய டிஸ்க்கிலேயே நாள்கணக்கில் வேலை செய்ய நேரலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவ் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த அடியை வைக்க வேண்டும்.

டிஸ்க்பார்ட் வேறு வகைக் கருவி. கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட் மறுக்கும் இஎஃப்ஐ பகுதியை இது ஓவர்ரைடு என்ற சொல்லைச் சேர்த்தால் நீக்கிவிடும். கிளீன் என்ற ஒரே கட்டளையில் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பு முழுவதையும் துடைத்துவிடும். செய்யலாமா என்று ஒருமுறைகூடக் கேட்காது. டிஸ்க் எண்ணில் ஒன்று மாறினால், பேக்அப் வைத்திருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கின் அமைப்பு நொடியில் போய்விடும். இவ்வளவு ஆற்றலுள்ள கருவியில் ஒப்புதல் கேட்கும் ஒரு வரியை இத்தனை ஆண்டுகளில் மைக்ரோசாஃப்ட் சேர்க்காமல் விட்டது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை. ஆகவே கிளீன் கட்டளையைத் தருவதற்கு முன், டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு டீட்டெயில் டிஸ்க் என்ற கட்டளையைத் தர வேண்டும் என்பதை நான் கட்டாய விதியாகவே வைத்திருக்கிறேன். அது டிஸ்க்கின் மாடல் பெயர், அது பூட் டிஸ்க்கா, அதில் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) இருக்கிறதா என்பவற்றையும், அதிலுள்ள டிரைவ் எழுத்துகளையும் ஒரே திரையில் காட்டும். வெளி டிஸ்க்குகள், பென் டிரைவ்கள் அனைத்தையும் முன்னதாகவே கழற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

அதே வேளையில் டிஸ்க்பார்ட்டில் ஒரு நல்ல காவலும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் பூட் கோப்புகளோ, பேஜ் ஃபைலோ, ஹைபர்னேஷன் கோப்போ இருக்கும் டிஸ்க்கை விண்டோஸுக்குள்ளிருந்தே கிளீன் செய்ய முயன்றால், அனுமதியில்லை என்று மறுத்துவிடும். பழைய டிஸ்க்கை அழிக்கப்போய் இந்த மறுப்பைச் சந்தித்தவர்கள் அதைத் தொல்லையாக எண்ணி, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, அங்கிருந்து அதே கட்டளையைத் தருகிறார்கள். அங்கே இந்தக் காவல் இல்லை, கட்டளை நிறைவேறிவிடும், கணினி துவங்காமல் போகும். மறுப்பு வந்தால், பழைய டிஸ்க் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். அந்தச் செய்தி கிடைப்பதே இக்கருவியின் பெரிய பயன் என்று கருதுகிறேன்.

எந்த இஎஃப்ஐ பகுதி இப்போது பயன்படுகிறது என்பதற்கான விடையும் டிஸ்க்பார்ட்டிடம்தான் இருக்கிறது. லிஸ்ட் வால்யூம் கட்டளை தரும் பட்டியலின் கடைசிப் பத்தியில், பூட் கோப்புகள் உள்ள பகுதிக்கு நேரே சிஸ்டம் என்றும், விண்டோஸ் கோப்புறை உள்ள பகுதிக்கு நேரே பூட் என்றும் இருக்கும். எதிர்பார்ப்புக்கு நேர்மாறான இந்தக் குறியீட்டால் தேர்ந்தவர்களும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சிஸ்டம் என்று குறிக்கப்பட்ட பகுதி பழைய டிஸ்க்கில் இருந்தால், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் பூட் கோப்புகளை இடம் மாற்ற வேண்டும்.

அந்த மாற்றத்தைச் செய்வது பிசிடிபூட் என்ற சிறிய கட்டளை. கடைக்காரரின் கணினியில் செய்ததைச் சொல்கிறேன். இதே வரிசை பெரும்பாலான யுஇஎஃப்ஐ கணினிகளுக்குப் பொருந்தும். முதலில் இ டிரைவின் கோப்புகள் அனைத்தும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுக்கப்பட்டு, அந்த டிஸ்க் கழற்றி வைக்கப்பட்டது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி அதிலிருந்து 300 எம்பி இடம் எடுத்து, டிஸ்க்பார்ட்டில் அந்த இடத்தை இஎஃப்ஐ வகைப் பகுதியாக உருவாக்கி, எஃப்ஏடி32 வடிவத்தில் ஃபார்மேட் செய்து, தற்காலிகமாக எஸ் என்ற டிரைவ் எழுத்து கொடுத்தோம். அதன்பின் சி டிரைவிலுள்ள விண்டோஸ் கோப்புறையை மூலமாகவும் எஸ் டிரைவை இலக்காகவும் காட்டி, யுஇஎஃப்ஐ வகை என்று குறிப்பிட்டு, பிசிடிபூட் கட்டளையைத் தந்தவுடன் பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டுவிட்டன என்ற ஒற்றை வரி வந்தது. பிறகு ஃபர்ம்வேர் திரைக்குள் சென்று, துவங்கும் வரிசையில் புதிய எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்தோம். கட்டளை ஓடி முடிய ஆன நேரத்தைவிட, சரியான பகுதியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்க ஆன நேரமே அதிகம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இதற்குப் பின் வரும் சோதனைக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. கணினியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு இயக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினிகளில் ஷட்டவுன் என்பது முழு நிறுத்தம் ஆகாது. ஆதலால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய டிஸ்க் இல்லாமலே விண்டோஸ் 11 முகப்புத் திரை வரை வந்துவிட்டால், புதிய டிஸ்க் தன் காலில் நிற்கிறது. சில நாட்கள் அப்படியே வேலை செய்து பார்ப்பது இன்னும் உத்தமம். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற கோப்புறைகளைப் பழைய டிஸ்க்குக்குத் திருப்பி வைத்திருந்தவர்களுக்கும், ஏதாவது ஒரு மென்பொருளைப் பழைய டிஸ்க்கிலேயே நிறுவியிருந்தவர்களுக்கும் அந்த நாட்களில்தான் அது தெரியவரும். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டகம்) போட்டுப் பழைய டிஸ்க்கை வைத்திருப்பவர்களும் கேடியை வெளியே இழுத்துவிட்டு இதே சோதனையைச் செய்யலாம்.

விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் மீட்புச் சூழல் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரீஏஜென்ட்சி கட்டளையை இன்ஃபோ என்ற தெரிவோடு தந்தால், அது எந்த டிஸ்க்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சொல்லும். அது பழைய டிஸ்க்கைக் காட்டினால், அதே கட்டளையால் அதை முடக்கிவிட்டு மீண்டும் இயக்கினால் புதிய இடத்துக்கு மாறிவிடும்.

பூட் மெனுவில் பழைய விண்டோஸின் பெயர் மட்டும் தொல்லை தருகிறது என்றால், எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் போதும். ஆனால் அது பெயரை மட்டுமே நீக்குகிறது. பழைய டிஸ்க்கில் ஒரு கோப்பையும் அது தொடுவதில்லை. பழைய விண்டோஸையே நீக்கிவிட்டதாக நினைத்து இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்து, பலர் முதலில் முயல்கிற வழி: பழைய டிரைவைத் திறந்து, விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் ஆகிய கோப்புறைகளைத் தேர்ந்தெடுத்து டிலீட் விசையை அழுத்துவது. தனிப் பகுதியாக ஒதுக்காமல், விண்டோஸும் சொந்தக் கோப்புகளும் ஒரே டிரைவில் கலந்து கிடப்பவர்களுக்கு இது எளிதாகத் தோன்றுகிறது. இதை நான் பரிந்துரைக்கவில்லை. அந்தக் கோப்புகளில் பலவற்றின் உரிமை டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற கணக்கின் பெயரில் இருப்பதால், அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் அனுமதி மறுக்கப்படும். உரிமையை மாற்றும் கட்டளைகளைத் தேடிப் பிடித்து ஓடவிடும்போது ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. விண்டோஸ் டிரைவின் வேரில் டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற பெயரில் மறைந்திருப்பது உண்மையான கோப்புறை அல்ல. அது சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறையைச் சுட்டும் இணைப்பு. பழைய டிஸ்க் இப்போது டி டிரைவாக மாறியிருந்தாலும், அந்த இணைப்பில் சி என்ற எழுத்தே பதிந்திருக்கிறது. ஆகவே அது சுட்டுவது இப்போது இயங்கும் விண்டோஸின் பயனர் கோப்புறையை. அனுமதிகளை அடியோடு மாற்றும் கட்டளையோ, கண்டதையெல்லாம் அழித்துத் தரும் மென்பொருளோ அந்த இணைப்பின் வழியாக நடந்துவிட்டால், பாதிப்பு புதிய டிஸ்க்கில் ஏற்படும். சொந்தக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்துவிட்டு, பகுதி முழுவதையும் ஃபார்மேட் செய்வதே தூய்மையான வழி. அதற்கு ஆகும் நேரமும் குறைவு.

டிஸ்க் கிளீன்அப்பில் வரும் முந்தைய விண்டோஸ் நிறுவல்கள் என்ற தெரிவு இந்த வேலைக்கானது அல்ல. ஒரே டிரைவில் மேம்படுத்தும்போது உருவாகும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறைக்கானது அது. வழக்கமாக 10 நாட்களுக்குப் பிறகு விண்டோஸே அதை நீக்கிவிடும்; இன்னொரு டிஸ்க்கில் உள்ள விண்டோஸை அது தேடிப் போவதில்லை.

ஜிபார்ட்டட் லைவை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்கிப் பயன்படுத்த வேண்டும். கட்டற்ற மென்பொருள்; கட்டணம் இல்லை, பாதி வழியில் பணம் கேட்டு நிற்கும் பழக்கமும் இல்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நாம் தரும் கட்டளைகளில் பெரும்பாலானவை உடனே நிறைவேறாமல் கீழே ஒரு பட்டியலாகச் சேர்வதுதான். இந்தப் பகுதியை நீக்கு, அந்தப் பகுதியை நீட்டு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் திரும்பப் பெற்றுக்கொண்டு, இறுதியாக அப்ளை பொத்தானை அழுத்தும்போதுதான் டிஸ்க்கில் மாற்றம் நிகழும். டிஸ்க்பார்ட்டில் இல்லாத நிதானம் இங்கே இருக்கிறது. இஎஃப்ஐ பகுதியை நீக்குவதிலும் இதற்குத் தயக்கமில்லை. இடப்புறம் உள்ள காலியிடத்துக்குள் ஒரு பகுதியை நகர்த்தி நீட்டவும் இதனால் முடியும்.

ஆனால் விண்டோஸ் அப்போது இயங்காததால், விண்டோஸ் தரும் காவல் எதுவும் இங்கே கிடையாது. இப்போது பயன்பாட்டில் உள்ள இஎஃப்ஐ பகுதி எது என்று இதற்குத் தெரியாது. இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாளக் குறியைக் (ஃபிளாக்) காட்டும். பெயர்களும் விண்டோஸ் பழகியவர்களுக்குப் புதியவை. சாட்டா டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்றும், மதர்போர்டில் நேரடியாகச் செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதற்கான தனிப் பெயரிலும் வரும். பழையது சாட்டா ஹார்டு டிஸ்க்காகவும் புதியது என்விஎம்இ ஆகவும் இருக்கும் கணினிகளில் இந்த வேறுபாடே நல்ல அடையாளமாகிவிடுகிறது. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் பூட்டு உள்ள பகுதிகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் இதில் பார்க்க முடியாது. அப்படிப் பூட்டியிருக்கும் பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டுமானால், அழிப்பதற்கு முன்பே விண்டோஸில் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கொடுத்துத் திறந்துகொள்ள வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஜிபார்ட்டட்டைக் கொண்டு இ டிரைவை இடப்புறம் நகர்த்தி நீட்டியிருக்கலாம். நான் வேண்டாம் என்றேன். நிறைந்து கிடக்கும் ஒரு பகுதியின் துவக்கத்தை இடம் மாற்றுவது என்றால் அதன் தரவு முழுவதையும் நகர்த்துவது என்று பொருள்; பழைய ஹார்டு டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் நடக்கும்; இடையில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும். அந்தக் கடையில் யுபிஎஸ் இல்லை. ஆகவே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய டி டிரைவை நீக்கி, டிஸ்க்பார்ட்டால் பழைய இஎஃப்ஐ பகுதியையும் எடுத்துவிட்டு, காலியான இடத்தைப் புதியதொரு டிரைவாக ஆக்கிக் கொடுத்தோம். இரண்டு டிரைவ் எழுத்துகள் இருப்பதில் கடைக்காரருக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஒன்றில் அன்றைய வேலைகள், மற்றொன்றில் பழைய கோப்புகள் என்று பிரித்துக்கொண்டார். நீல நிற மெனு இப்போது வருவதில்லை.

ஃபர்ம்வேரின் பட்டியலில் மட்டும் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் இரண்டு முறை தங்கிவிடக்கூடும். பகுதிகளை நீக்கும் இம்மூன்று கருவிகளும் மதர்போர்டின் நினைவகத்தில் உள்ள அந்தப் பதிவைத் தொடுவதில்லை. பிசிடிஎடிட் கட்டளையில் ஃபர்ம்வேர் பதிவுகளைப் பட்டியலிட்டு, இல்லாத டிஸ்க்கைச் சுட்டும் பதிவை அதன் நீண்ட அடையாளக் குறியைக் கொண்டு நீக்கலாம். கணினி சரியாகத் துவங்குகிறது என்றால் இதைச் செய்யாமல் விட்டாலும் குறையில்லை. விண்டோஸின் உரிமம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டைச் சார்ந்தது, பழைய டிஸ்க்கை அழிப்பதால் அது போய்விடாது.

பழைய டிஸ்க்கை விற்கப்போகிறவர்கள், அல்லது வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறவர்கள், இதுவரை சொன்னவற்றோடு நின்றுவிடக் கூடாது. பகுதியை நீக்குவதும், குவிக் ஃபார்மேட்டும், டிஸ்க்பார்ட்டின் கிளீன் கட்டளையும் கோப்புகளின் இருப்பிடக் குறிப்புகளையே நீக்குகின்றன. படங்களும் ஆவணங்களும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள் ஒன்றால் எவரும் அவற்றை எடுத்துவிடலாம். ஆதார் நகல், வங்கி விவரம், வாடிக்கையாளர்களின் சான்றிதழ்கள் ஆகியவை பல ஆண்டுகளாகச் சேர்ந்த டிஸ்க்கை அப்படிக் கொடுப்பது தவறு. ஹார்டு டிஸ்க்காக இருந்தால் டிஸ்க்பார்ட்டில் கிளீன் ஆல் என்ற கட்டளை ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்ஜியத்தை எழுதிவிடும். 1 டிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகும். அதுவரை திரையில் எந்த முன்னேற்றக் குறியும் வராது என்பதால் நின்றுவிட்டதாக எண்ணி மூடிவிடக் கூடாது. கட்டளைத் திரையைத் தவிர்க்க விரும்புபவர்கள் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே குவிக் ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யலாம். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மேட்டும் அந்தப் பகுதி முழுவதும் பூஜ்ஜியத்தை எழுதுகிறது. பழைய டிஸ்க்கே ஓர் எஸ்எஸ்டியாக இருந்தால் இப்படித் திரும்ப எழுதுவது சரியான முறை அல்ல. அதன் உற்பத்தியாளர் தரும் மென்பொருளிலோ, மதர்போர்டின் ஃபர்ம்வேர் திரையிலோ இருக்கும் செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அந்தத் திரையிலும் எந்த டிஸ்க் என்று கேட்கும். அப்போது புதிய எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்திருப்பது நல்லது.